சரிவில் உருண்ட லாரி: ஹிண்டன்பர்க்கின் நிக்கோலா அறிக்கை, ஒரு மதிப்புரை

நியூயார்க்கிலிருந்து இயங்கிய ஹிண்டன்பர்க் ரிசர்ச் என்ற சிறு ஆய்வு நிறுவனம், நிக்கோலா என்ற மின்சார, ஹைட்ரஜன் லாரி நிறுவனத்தைப் பற்றி 2020 செப்டம்பர் 10 அன்று ஓர் அறிக்கையை வெளியிட்டது. அந்த அறிக்கையை ஒரு பண்டமாக எடுத்துக்கொண்டு இங்கே மதிப்பிடப் போகிறேன். அதற்கு விலை கிடையாது, சந்தா கிடையாது, இணையத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஆனால் அதைச் செய்தவர்கள் தர்மத்துக்குச் செய்யவில்லை. நிக்கோலா பங்கை அவர்கள் முன்கூட்டியே ஷார்ட் செய்து வைத்திருந்தார்கள். படிக்கிறவர்கள் நம்பி, பங்கின் விலை இறங்கினால் அவர்களுக்குக் காசு. இதை அவர்களே அறிக்கையில் எழுதியும் வைத்திருந்தார்கள். விற்கிறவர் தன் லாபம் எங்கே இருக்கிறது என்பதைச் சரக்கின் மேலேயே ஒட்டி வைத்திருக்கும் கடை பங்குச் சந்தைத் தெருவில் அரிது என்பதால், இதைப் பொறுமையாகப் புரட்டிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

நான் இதைத் தேடிப் படித்ததற்குச் சொந்த நஷ்டமும் ஒரு காரணம். சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவர் சேர்த்துவிட்ட டெலிகிராம் குழுவில் ஒரு சிறு நிறுவனத்தின் பங்கை நாள்தோறும் சிபாரிசு செய்துகொண்டிருந்தார்கள். காலை ஒன்பதே காலுக்குச் சந்தை திறக்கும், ஒன்பது பதினாறுக்குள் அன்றைக்கு அனுமதித்த உச்ச விலையான அப்பர் சர்க்யூட்டில் பூட்டிக்கொள்ளும், குழுவில் வாணவேடிக்கைப் படங்கள் பறக்கும். ஒரு நாள் உறுப்பினர் ஒருவர், லாபக் கணக்கில் கோடிகள் தெரிகின்றன, ரொக்க வரத்துக் கணக்கில் ஏன் பணமே உள்ளே வரவில்லை என்று மரியாதையாகக் கேட்டார். அவரை, விலை இறங்கக் காத்திருக்கும் கரடிகளின் கைக்கூலி என்று சொல்லி ஐந்து நிமிடத்தில் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். கேள்விக்குப் பதில் சொல்லாமல் கேட்டவர் மீது ஏன் இவ்வளவு ஆத்திரம் என்ற யோசனை எனக்கு அப்போது வரவில்லை. பங்கு லோயர் சர்க்யூட்டில் தொடர்ந்து பூட்டிக்கொள்ளத் தொடங்கிய பிறகுதான் வந்தது.

ஷார்ட் செய்வது என்னவென்று அறியாதவர்களுக்கு இரண்டு வரி. கையில் இல்லாத பங்கை இன்னொருவரிடம் இரவல் வாங்கி இன்றைய விலைக்கு விற்பது, பிறகு விலை இறங்கும்போது வாங்கித் திருப்பிக் கொடுத்து இடைப்பட்ட வித்தியாசத்தை எடுத்துக்கொள்வது, இவ்வளவுதான். இரவலுக்கு வட்டி உண்டு. விலை ஏறினால் நஷ்டத்துக்கு எல்லையே கிடையாது, ஏனென்றால் நூறு ரூபாய்ப் பங்கு இறங்கினால் பூஜ்யம் வரைதான் இறங்கும், ஏறினால் ஆயிரத்துக்கும் போகலாம். இரவல் கொடுத்தவர் நினைத்த நேரத்தில் திருப்பிக் கேட்கவும் செய்யலாம். ஆகவே சந்தையில் ஒரு பங்கைப் பற்றிச் சொல்லும் கருத்துக்கு மிக அதிக விலை கொடுக்கிறவர் ஷார்ட் செல்லர்தான். வாங்கச் சொல்கிறவர் தவறாகச் சொன்னால் அடுத்த வாரம் வேறொரு பங்கைச் சொல்லிவிட்டுப் போகலாம். ஷார்ட் செல்லர் தவறினால் அன்றைக்கே கட்டி அழ வேண்டும்.

நிக்கோலாவின் கதைக்கு வருவோம். டிரெவர் மில்டன் நிறுவிய இந்த நிறுவனம், ஸ்பேக் எனப்படும் வெற்று நிறுவனம் ஒன்றுடன் இணைந்து 2020 ஜூன் மாதம் நாஸ்டாக்கில் பட்டியலானது. வழக்கமான புதுப் பங்கு வெளியீட்டில் இருக்கும் கெடுபிடிகள் பல அப்போது இந்த வழியில் இருக்கவில்லை. பட்டியலான ஒரு வாரத்துக்குள் பங்கின் விலை எகிறி, அதுவரை ஒரு லாரியைக்கூட வாடிக்கையாளரிடம் ஒப்படைக்காத நிறுவனத்தின் சந்தை மதிப்பு ஃபோர்டு நிறுவனத்தின் மதிப்பைத் தாண்டியது. மில்டன் ட்விட்டர், பாட்காஸ்ட், தொலைக்காட்சி என்று எங்கும் இருந்தார். பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டில் அடைபட்டுக் கைபேசியில் முதன்முறையாகப் பங்கு வாங்கக் கற்றுக்கொண்ட சாதாரண மக்களிடம் நேராகப் பேசினார். செப்டம்பர் 8 அன்று ஜெனரல் மோட்டார்ஸ் நிக்கோலாவுடன் கூட்டு அறிவித்தது. அந்த ஒரே நாளில் பங்கு ஏறத்தாழ 40 சதவீதம் ஏறியது. இரண்டு நாள் கழித்து ஹிண்டன்பர்க் அறிக்கை வந்தது.

அறிக்கையின் தலைப்பே நீளமானது, அடக்கமில்லாதது. பொய்க் கடல் ஒன்றைக் கொண்டு அமெரிக்காவின் மிகப் பெரிய கார் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்வது எப்படி என்ற பொருளில் அமைந்தது. உள்ளே இருக்கும் சரக்கு தலைப்பைவிட நிதானமானது. அதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி லாரி ஓடிய காணொளியைப் பற்றியது. 2018 ஜனவரியில் நிக்கோலா ஒரு காணொளியை வெளியிட்டிருந்தது. நிக்கோலா ஒன் என்ற அந்த லாரி யூட்டா மாநிலத்தின் வறண்ட நிலத்து நெடுஞ்சாலை ஒன்றில் கம்பீரமாக விரைந்து போகும். பார்க்கிறவர்கள் ஹைட்ரஜன் லாரி தயாராகிவிட்டது என்றுதான் நினைப்பார்கள். ஆனால் அந்த லாரியை மேட்டின் உச்சிக்கு இழுத்துக்கொண்டுபோய் உருட்டிவிட்டுத்தான் படம் பிடித்தார்கள் என்று முன்னாள் ஊழியர் ஒருவரின் குறுஞ்செய்தி சொன்னது. ஹிண்டன்பர்க் ஆட்கள் அந்தக் குறுஞ்செய்தியை மட்டும் அச்சிட்டுவிட்டு நிற்கவில்லை. காணொளியில் தெரியும் மலைகளையும் சாலை வளைவையும் வைத்து இடத்தைக் கண்டுபிடித்தார்கள். பார்த்தால் சமதளம்போலத் தெரியும் அந்தச் சாலை உண்மையில் சுமார் 3 சதவீதச் சரிவு கொண்டது. அங்கே தங்கள் ஹோண்டா வண்டியைக் கொண்டுபோய் நியூட்ரலில் போட்டு விட்டார்கள். ஆக்சிலரேட்டரைத் தொடாமலே அது 2.1 மைல், அதாவது ஏறத்தாழ மூன்றரை கிலோமீட்டர் உருண்டு, மணிக்கு 56 மைல், அதாவது 90 கிலோமீட்டர் வேகத்தை எட்டியது.

இந்தச் சோதனைக்கு என்ன செலவாகியிருக்கும்? ஒரு வண்டி, கொஞ்சம் பெட்ரோல், ஒரு நாள் பொழுது. அந்த லாரியைப் பார்த்து முதலீடு செய்த நிதியங்கள், கூட்டுச் சேர்ந்த பெருநிறுவனங்கள், வாங்கச் சொல்லிக் குறிப்பு எழுதிய தரகு நிறுவன ஆய்வாளர்கள் எல்லோரிடமும் இதைவிட ஆயிரம் மடங்கு வசதி இருந்தது. எனக்குத் தெரிந்து அவர்களில் ஒருவரும் அந்தச் சாலைக்குப் போய் வண்டியை உருட்டிப் பார்க்கவில்லை. அவர்கள் சோம்பேறிகள் என்று சொல்ல மாட்டேன். அந்தச் சாலை சரிவானது என்று கண்டுபிடிப்பதால் அவர்களில் யாருக்கும் ஒரு காசு லாபம் கிடையாது, கண்டுபிடித்தால் நஷ்டம்தான். ஷார்ட் செல்லர் ஒருவருக்கு மட்டுமே அந்தச் சரிவில் வருமானம் இருந்தது.

மற்ற கண்டுபிடிப்புகளும் இதே வகை. 2016 டிசம்பரில் சால்ட் லேக் சிட்டியில் நடந்த அறிமுக விழாவில், லாரி முழுமையாக இயங்கும் நிலையில் இருப்பதாகவும், யாராவது ஏறி மேடையிலிருந்து ஓட்டிக்கொண்டு போய்விடக் கூடாதே என்பதற்காகச் சங்கிலி போட்டு வைக்கப்போவதாகவும் மில்டன் பேசினார். லாரிக்குள் எரிந்த விளக்குகளுக்கும் திரைகளுக்கும் மேடைக்கு அடியிலிருந்து கம்பி வழியாக மின்சாரம் போய்க்கொண்டிருந்தது என்கிறது அறிக்கை. சொந்தமாகத் தயாரித்தது என்று காட்டிய இன்வெர்ட்டரின் மீது வேறு நிறுவனத்தின் பெயர் இருந்த இடத்தை ஒட்டுநாடாவால் மறைத்திருந்தார்கள். தலைமையகத்தின் கூரையில் 3.5 மெகாவாட் சூரியத் தகடுகள் இருப்பதாகச் சொல்லப்பட்டது. மேலிருந்து எடுத்த படத்தில் கூரை வெறுமையாக இருந்தது. ஹைட்ரஜன் பிரிவின் தலைமைப் பொறுப்பில் நிறுவனரின் சகோதரர் இருந்தார்; அதற்கு முன் அவர் பார்த்த வேலை ஹவாயில் வீடுகளுக்குக் கான்கிரீட் வண்டிப்பாதை போடுவது. இத்தனையும் படமும் குறுஞ்செய்தியும் ஒலிப்பதிவுமாக வைத்துக் காட்டப்பட்டன. நம்பச் சொல்லவில்லை, பார்க்கச் சொன்னார்கள். பண்டத்தின் மிகப் பெரிய பலமாக நான் கருதுவது இதைத்தான். கடைசியில் நிறுவனத்திடம் 53 கேள்விகளை வைத்தார்கள்.

நிக்கோலாவின் முதல் எதிர்வினை, இது பேராசையால் தூண்டப்பட்டு ஷார்ட் லாபத்துக்காகச் செய்யப்பட்ட தாக்குதல் என்பது. வழக்கறிஞர் நிறுவனத்தை அமர்த்தியிருப்பதாகவும், அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்கு ஆணையமான எஸ்இசியிடம் கொண்டுபோகப் போவதாகவும் சொன்னார்கள். செப்டம்பர் 14 அன்று வந்த விரிவான பதிலில்தான் அந்த அற்புதமான விளக்கம் இடம்பெற்றது: காணொளியின் தலைப்பில் லாரி இயக்கத்தில் இருக்கிறது என்றுதான் சொன்னோமே தவிர, தன் சொந்த விசையில் ஓடுகிறது என்று எங்கும் சொல்லவில்லை. சிறுவயதில் வாடகை சைக்கிளைப் பள்ளத்தில் உருட்டி உடைத்துவிட்டு, நான் ஓட்டவே இல்லை, அதுதான் உருண்டது என்று கடைக்காரரிடம் வாதாடிய என் தெருக்காரப் பையன் ஒருவன் நினைவுக்கு வந்தான். எழுப்பிய 53 கேள்விகளில் 10 கேள்விகளைத்தான் நிறுவனம் தொட்டது, அந்தப் பதில்களும் பெரும்பாலும் எங்கள் கண்டுபிடிப்பையே உறுதிசெய்கின்றன என்று ஹிண்டன்பர்க் பதிலுக்கு எழுதியது. கோழைகள்தான் ஓடுவார்கள், தலைவர்கள் நின்று போராடுவார்கள் என்ற பொருளில் ட்விட்டரில் எழுதிய மில்டன், அறிக்கை வந்த பதினோராம் நாள் பதவி விலகியிருந்தார்.

சந்தேகத்துக்குரிய பங்குகளைத் தூக்கிப் பிடிக்கிறவர்களுக்கு ஷார்ட் செல்லர்கள் மீது இருக்கும் வெறுப்பின் வேர் இந்த அறிக்கையை வரிவரியாகப் படிக்கும்போது துலங்குகிறது. விலை இறங்கியதுதான் கோபத்துக்குக் காரணம் என்பது பாதி உண்மை. நேர்மையான நிறுவனத்தின் பங்கும் இறங்குகிறது. அதன் முதலாளிக்கும் வருத்தம் இருக்கும். ஆனால் அவருடைய ஆலை ஓடும், சரக்கு விற்கும், வாடிக்கையாளர் பணம் தருவார். கொஞ்சம் துணிச்சல் இருந்தால் விலை மலிந்த தன் பங்கைத் தானே வாங்கிக்கொள்வார். ஷார்ட் செய்தவர் நஷ்டப்பட்டுத் தானே வெளியேறுவார். நிக்கோலா போன்ற நிறுவனத்தில் நிலைமை தலைகீழ். அங்கே விற்பனைக்கு இருக்கும் ஒரே சரக்கு பங்குதான். ஜெனரல் மோட்டார்ஸ் கூட்டையே எடுத்துக்கொள்ளுங்கள்: அந்த நிறுவனத்தின் பேட்டரி, எரிபொருள் கலம், உற்பத்தி வசதி ஆகியவற்றுக்கு நிக்கோலா ரொக்கம் கொடுக்கவில்லை; சுமார் 200 கோடி டாலர் மதிப்புள்ள 11 சதவீதப் பங்கைக் கொடுப்பதாக ஒப்பந்தம். காகிதத்தைக் கொடுத்து எஞ்சின் வாங்கும் வியாபாரம் இது. காகிதத்தின் விலை உச்சியில் இருக்கும்வரை எதையும் வாங்கலாம், யாரையும் கூட்டுச் சேர்க்கலாம், அந்தக் கூட்டைக் காட்டி விலையை இன்னும் ஏற்றலாம். விலை இறங்கினால் அடுத்த எஞ்சின் வராது. ஆகவே விலையைத் தொடுகிறவர் அவர்களுடைய ஆலைக்கே தீ வைக்கிறவர் ஆகிவிடுகிறார்.

இரண்டாவது காரணத்தை அவர்கள் வெளியே சொல்ல மாட்டார்கள். நிறுவனத்தைத் தொடங்கி ஊருக்கெல்லாம் வாங்கச் சொல்லும் புரமோட்டரும் உள்ளூர விற்பனையாளர்தான். பட்டியலான சமயத்திலேயே மில்டன் 7 கோடி டாலருக்குத் தன் பங்குகளைக் காசாக்கியிருந்தார்; எஞ்சிய பங்குகளை விற்கக் கூடாது என்ற ஓராண்டுத் தடையும் 180 நாட்களாகக் குறைக்கப்பட்டிருந்தது. ஹிண்டன்பர்க் இரண்டையும் சுட்டிக்காட்டியது. உச்ச விலையில் விற்க ஷார்ட் செல்லரும் விரும்புகிறார், புரமோட்டரும் விரும்புகிறார். எதிரே வாங்க நிற்கும் கூட்டம் ஒன்றுதான். ஷார்ட் செல்லர் ஏன் விற்கிறேன் என்று உரக்கச் சொல்லிவிட்டு விற்கிறார். மற்றவருக்கு வாய் திறந்தால் வியாபாரமே இல்லை. ஒரே சந்தையில் ஒரே சரக்கை விற்கும் இருவரில், எடையைக் குறைக்கிற வியாபாரி சரியாக நிறுத்துக் கொடுக்கிறவரை எப்படிப் பார்ப்பாரோ அப்படித்தான் இந்தப் பகை.

மூன்றாவதாக, ஷார்ட் செல்லர் ஒரு வசதியான பழிதாங்கி. நிறுவனம் சொன்னது நடக்கவில்லை என்றால் சதிகாரர்கள் கெடுத்துவிட்டார்கள் என்று சொல்ல ஒருவர் வேண்டும். அமெரிக்காவில் சிஎம்கேஎம் டயமண்ட்ஸ் என்றொரு நிறுவனம் இருந்தது. கனடாவில் வைரச் சுரங்க உரிமை இருப்பதாகச் சொல்லிக்கொண்டு, ஒரு சென்ட்டில் மிகச் சிறு பகுதி விலைக்குக் கைமாறிய பங்கு. இரவல்கூட வாங்காமல் போலிப் பங்குகளை விற்கும் நேக்கட் ஷார்ட் கும்பல்தான் விலையை அமுக்குகிறது என்று அதன் ஆர்வலர்கள் வாதித்தார்கள். கடைசியில் கணக்குப் பார்த்தபோது புழக்கத்தில் இருந்த பங்குகள் 70,300 கோடி; அவற்றை அச்சடித்துத் தள்ளியது நிறுவனமேதான். 2005 அக்டோபரில் எஸ்இசி அதன் பதிவை ரத்து செய்தது. இதில் எனக்கு வியப்பளிப்பது, அதன் பிறகும் பணம் இழந்த பலர் நிறுவனத்தின் மீது கோபப்படாமல் கண்ணுக்குத் தெரியாத ஷார்ட் செல்லர்கள் மீதே பல ஆண்டுகள் கோபத்தில் இருந்தார்கள் என்பது. நஷ்டப்பட்டவருக்கு, நான் ஏமாந்தேன் என்பதைவிட எனக்கு எதிராகச் சதி நடந்தது என்பது குறைவாக வலிக்கிறது போலும். புரமோட்டர்கள் இதை நன்றாக அறிந்தவர்கள்.

இந்தப் பகை புதிதும் அல்ல. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பங்கை ஐசக் லெ மேர் என்ற வணிகர் 1609இல் ஷார்ட் செய்ய, கம்பெனி இயக்குநர்கள் அரசிடம் முறையிட்டார்கள். கைம்பெண்கள், அநாதைகளின் பணம் போகிறது என்பது அவர்கள் வாதம். அடுத்த ஆண்டே கையில் இல்லாத பங்கை விற்கத் தடை வந்தது. 2001 ஏப்ரலில் என்ரான் என்ற அமெரிக்க எரிசக்தி நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி ஜெஃப்ரி ஸ்கில்லிங், இருப்புநிலைக் குறிப்பைக் கேட்ட ஷார்ட் நிதியக்காரரை எல்லோரும் கேட்கும் தொலைபேசி அழைப்பிலேயே கெட்ட வார்த்தையால் திட்டினார். டிசம்பரில் என்ரான் திவால். ஓவன் லமான்ட் என்ற பொருளியலாளர், 1977 முதல் 2002 வரை ஷார்ட் செல்லர்களோடு வழக்கு, மிரட்டல், புகார் என்று மல்லுக்கு நின்ற இருநூற்றுக்கும் மேற்பட்ட அமெரிக்க நிறுவனங்களை எடுத்துப் பார்த்தார். சண்டைக்குப் பிந்தைய ஓராண்டில் அவற்றின் பங்குகள் சராசரியாக மாதத்துக்கு 2 சதவீதத்துக்கும் மேல் சந்தையைவிடப் பின்தங்கியிருந்தன. நான் இப்போது ஒரு நிறுவனத்தின் மறுப்பு அறிக்கையைப் படிக்கும்போது முதலில் எண்ணுவது, கேள்வி கேட்டவரைப் பற்றி எத்தனை பத்தி, கேள்வியைப் பற்றி எத்தனை பத்தி என்பதைத்தான்.

நிக்கோலாவின் மிச்சக் கதை சுருக்கமானது. நிறுவனமே அமர்த்திய வழக்கறிஞர்களின் விசாரணையில் மில்டன் சொன்னவற்றில் பல முழுமையாகவோ பகுதியாகவோ தவறானவை என்று தெரிந்தது. 2021 டிசம்பரில் நிறுவனம் எஸ்இசிக்கு 12.5 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. 2022 அக்டோபரில் நடுவர் குழு மில்டனைப் பங்கு மோசடிக் குற்றச்சாட்டு ஒன்றிலும் தகவல்தொடர்பு வழி மோசடி இரண்டிலும் குற்றவாளி என்றது, இன்னொரு குற்றச்சாட்டில் விடுவித்தது. 2023 டிசம்பரில் நான்கு ஆண்டு சிறை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் வெளியே இருந்த அவருக்கு 2025 மார்ச்சில் அதிபர் டிரம்ப் மன்னிப்பு வழங்கினார். அதற்கு ஒரு மாதம் முன்பே நிக்கோலா திவால் மனு தாக்கல் செய்திருந்தது.

பண்டத்தின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். முதலாவது, நீளம். ஒரே விஷயத்தைத் தொடக்கத்தில் சுருக்கமாகவும் நடுவில் விரிவாகவும் கடைசியில் கேள்வியாகவும் மூன்று முறை படிக்க வேண்டியிருக்கிறது. இரண்டாவது, குரல். ஆதாரம் இவ்வளவு வலுவாக இருக்கும்போது தலைப்பில் இவ்வளவு காரம் தேவையில்லை. காரம் கூடக்கூட, விலையை இறக்கத்தான் எழுதுகிறார்கள் என்ற எண்ணமும் கூடுகிறது. மூன்றாவது, நேரம். பங்கு 40 சதவீதம் எகிறிய இரண்டாம் நாள் வெளியிடுவது அவர்களுக்கு நல்ல வியாபாரம். அந்த இரண்டு நாளில் ஏறிய விலைக்கு வாங்கியவருக்கு அது ஆறுதல் அல்ல. நான்காவதுதான் கனமானது. தகவல் தந்தவர்களில் ஒருவர் ஹிண்டன்பர்க்கிடமிருந்து பணம் பெற்றதை மில்டன் தரப்பு நீதிமன்றத்தில் எழுப்பியது. சாட்சிக்கும் லாபத்தில் பங்கு இருக்கிறது என்றால், படிக்கிறவர் ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை சோதிக்கத்தான் வேண்டும். ஷார்ட் அறிக்கை எழுதுகிற எல்லோரும் சரிவைத் தேடிப் போய் வண்டி உருட்டிப் பார்க்கிறவர்கள் அல்லர். வதந்தியை எழுதிவிட்டு இரண்டு நாளில் லாபத்தோடு காணாமல் போகிறவர்களும் இந்தத் தொழிலில் உண்டு. பெயரில்லாமல் வரும் அறிக்கை, ஆவணத்தைக் காட்டாத அறிக்கை இரண்டையும் நான் படிப்பதில்லை.

ஹிண்டன்பர்க்கின் பெயர் இந்தியாவில் பரவியது 2023 ஜனவரி 24 அன்று அதானி குழுமத்தைப் பற்றிய அறிக்கை வந்தபோது. 88 கேள்விகளுக்கு 413 பக்கத்தில் பதில் வந்தது. அதில் இது இந்தியாவின் மீதான தாக்குதல் என்றும் சொல்லப்பட்டது. அந்த அறிக்கையை நிக்கோலா அறிக்கையோடு ஒரே தட்டில் நான் வைக்கவில்லை. குழுமம் குற்றச்சாட்டுகளை மறுத்தது, இந்தியப் பங்குச் சந்தை ஒழுங்கு ஆணையமான செபி, தான் ஆராய்ந்த பரிவர்த்தனைகள் தொடர்பான குற்றச்சாட்டுகள் நிரூபணமாகவில்லை என்று 2025 செப்டம்பரில் ஆணை பிறப்பித்தது. குழுமத்துக்கு உண்மையான துறைமுகங்களும் மின்நிலையங்களும் இருக்கின்றன, உருட்டிவிட வேண்டிய லாரி அல்ல அது. ஒரே கடையின் இரண்டு சரக்குகளும் ஒரே தரமாக இருக்க வேண்டும் என்பதில்லை. கடையும் இப்போது இல்லை. நிறுவனர் நேதன் ஆண்டர்சன் 2025 ஜனவரியில் அதை மூடுவதாக அறிவித்தார்.

நம் சந்தையில் இந்தப் பண்டம் உண்மையில் தேவைப்படும் இடத்தில் அது கிடைப்பதே இல்லை. எதிர்கால ஒப்பந்தச் சந்தையில் இருக்கும் பெரிய பங்குகளை யாரும் ஷார்ட் செய்யலாம். பங்கை இரவல் தரும் எஸ்எல்பி முறை 2008 ஏப்ரலில் இருந்து இருந்தாலும் அதன் பட்டியலில் சிறு பங்குகள் இல்லை, பட்டியலில் இருப்பவற்றிலும் பலவற்றுக்கு இரவல் தர ஆள் கிடையாது. விலையைச் செயற்கையாக ஏற்றி இறக்கும் ஆபரேட்டர்கள் விளையாடுவதோ, அன்றன்றைக்கு வாங்கி விற்றுக் கணக்கை முடிக்க முடியாத ட்ரேட் டு ட்ரேட் பிரிவில் கிடக்கும் குட்டிப் பங்குகளில்; அங்கே டீமேட்டில் பங்கு இருந்தால்தான் விற்க முடியும். சாதனா பிராட்காஸ்ட் என்ற பங்கை 2022இல் யூடியூப் காணொளிகள் வழியாகப் பொய்ச் செய்தி பரப்பி ஏற்றினார்கள் என்று செபி 2023 மார்ச்சில் ஆணையிட்டது. 2,167 ஆக இருந்த சிறு பங்குதாரர்களின் எண்ணிக்கை 55,343 ஆகியிருந்தது. அந்தக் காணொளிகள் ஓடிக்கொண்டிருந்தபோது அவற்றைப் பொய் என்று நிரூபிப்பதில் யாருக்கும் ஒரு ரூபாய் லாபம் இருக்கவில்லை.

நான் முதலில் சொன்ன டெலிகிராம் பங்கு இன்னும் என் டீமேட்டில் கிடக்கிறது. போன ஆண்டு அதன் பொதுக்குழு காணொளி வழியாக நடந்தபோது, பேசும் பங்குதாரராக மின்னஞ்சலில் பதிவு செய்துகொண்டேன். நிக்கோலாவிடம் கேட்ட 53 கேள்விகளின் பாணியைப் பார்த்து, ஒரே ஒரு கேள்வியை எழுதி வைத்துக்கொண்டேன்: ஆறு மாதத்துக்கு மேல் வசூலாகாத பாக்கி எந்தெந்த நிறுவனங்களிடம் இருக்கிறது, அவற்றில் இயக்குநர்களின் உறவினர்களுக்குச் சொந்தமானவை எவை? எனக்கு முன்னால் பேசிய நான்கு பேர் தலைவரின் தொலைநோக்கைப் பாராட்டிவிட்டு, போனஸ் பங்கு எப்போது என்று கேட்டார்கள். என் முறை வந்தபோது கேள்வியைப் படித்தேன். தலைவர் சிரித்துக்கொண்டே, நம் வளர்ச்சியைப் பொறுக்காத ஷார்ட் செல்லர்கள் சிலர் பரப்பும் வதந்தி இது, பங்குதாரர்கள் இதற்கெல்லாம் செவிசாய்க்க வேண்டாம் என்றார். ஐயா, நம் பங்கு ட்ரேட் டு ட்ரேட்டில் இருக்கிறது, அதை யாராலும் ஷார்ட் செய்யவே முடியாதே என்று நான் சொல்லத் தொடங்கியபோது திரையில் என் பெயருக்குப் பக்கத்தில் இருந்த மைக் படத்தின் மீது சிவப்புக் கோடு விழுந்திருந்தது. அடுத்தவர் வணக்கம் சொல்லி, தலைவரின் தொலைநோக்கைப் பாராட்டத் தொடங்கினார்.